இங்கிலாந்தில் வயதான அப்பா, அம்மாவை கவுன்சில் பார்த்துக்குமா? வீட்டை வித்துடுவாங்களா? - முழு விவரம்

லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பெற்றோருக்கு 75, 80 வயது ஆனதும் எழும் முதல் கேள்வி இதுதான். 'கவுன்சில்ல சொன்னா ஆள் அனுப்புவாங்களா?' அடுத்த கேள்வி உடனே வரும். 'அனுப்பினா வீட்டை எடுத்துக்குவாங்களா?'

இரண்டு கேள்விக்குமே 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. அவை தெரியாததால் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றி மாட்டிக்கொள்பவர்களும் உண்டு, இலவசமாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்காமலேயே விட்டவர்களும் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரை இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. ஸ்காட்லாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு குளிக்கவைப்பது, உடை மாற்றுவது போன்ற உடல் சார்ந்த பராமரிப்பு 2002 முதல் இலவசம். இங்கிலாந்தில் அப்படி இல்லை.

கவுன்சில் என்றால் தெருவிளக்கு, குப்பை மட்டும்தானே?

நம்ம ஊரில் கவுன்சிலர் என்றதும் குடிநீர், சாக்கடை, தெருவிளக்குதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் கவுன்சில்களின் பெரிய செலவுகளில் ஒன்று, முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிப்பது. 18 வயதுக்கு மேற்பட்ட யாருக்கு இந்த உதவி தேவைப்பட்டாலும், அது 'அடல்ட் சோஷியல் கேர்' துறையின் பொறுப்பு.

இது என்.எச்.எஸ். வேலை இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். டாக்டர், ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம் என்.எச்.எஸ்.; அதற்குக் காசு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுக்க ஆள் வேண்டும் என்றால் அது கவுன்சில். அதற்கு வசதியைப் பார்த்துக் கட்டணம் உண்டு.

இந்தப் பிரிவினை 1948-லேயே வந்துவிட்டது. அந்த வருடம் என்.எச்.எஸ். தொடங்கியது. அதே வருடம் தேசிய உதவிச் சட்டம், பழைய ஏழைகள் சட்டத்துக்கு முடிவுகட்டி, முதியோர் இல்லங்களை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. மருத்துவம் இலவசம், பராமரிப்புக்குக் கட்டணம் என்ற அன்றைய கோடு இன்றுவரை அழியவில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது 2014-ம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். 2015 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இங்கிலாந்தில் 153 உள்ளாட்சிகளுக்கு இந்தப் பொறுப்பு இருக்கிறது. லண்டனில் அந்தந்த பரோ கவுன்சில். ஈஸ்ட் ஹாமில் இருந்தால் நியூஹாம் கவுன்சில், வெம்பிளியில் இருந்தால் பிரென்ட், இல்ஃபோர்ட் என்றால் ரெட்பிரிட்ஜ். கிராமப்புறங்களில் கவுன்ட்டி கவுன்சிலைக் கேட்க வேண்டும். குப்பை எடுக்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம் போனால் 'இங்கே இல்லை' என்பார்கள்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

கவுன்சிலுக்கு போன் செய்து, அல்லது அவர்கள் இணையதளத்தில், 'தேவை மதிப்பீடு' கேட்க வேண்டும். மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. பேங்கில் எவ்வளவு இருந்தாலும் சரி, உதவி தேவைப்படுவது போலத் தெரிந்தாலே மதிப்பீடு செய்வது கவுன்சிலின் சட்டக் கடமை. 'உங்களுக்கு சொந்த வீடு இருக்கே, நீங்களே பார்த்துக்கோங்க' என்று போனிலேயே திருப்பி அனுப்பக் கூடாது.

சோஷியல் வொர்க்கர் அல்லது பயிற்சி பெற்ற வேறொருவர் பேசுவார். மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். உடல் அல்லது மன நலக் குறைவால் இந்தத் தேவை வந்திருக்கிறதா? அதனால், சட்டம் பட்டியலிட்டிருக்கும் பத்து அன்றாடக் காரியங்களில் இரண்டையாவது செய்ய முடியாமல் இருக்கிறதா? அது அவரது வாழ்க்கை நலனைக் கணிசமாகப் பாதிக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தகுதி உண்டு.

அந்தப் பத்தில் சாப்பாடு, குளியல், டாய்லெட், உடை உடுத்துவது, வீட்டுக்குள் பாதுகாப்பாக நடமாடுவது எல்லாம் வரும். குடும்பத்தோடும் மற்றவர்களோடும் உறவு வைத்துக்கொள்வதும் ஒன்று. கோயிலுக்கோ கடைக்கோ வெளியே போக முடிகிறதா என்பதும் கணக்கில் உண்டு.

இங்கேதான் நம்ம வீட்டுப் பெரியவர்கள் கோட்டை விடுகிறார்கள். 'எப்படி இருக்கீங்க?' என்று அதிகாரி கேட்டதும், 'எனக்கு என்ன, நல்லா இருக்கேன், எல்லாம் நானே செஞ்சுக்குவேன்' என்று சொல்லிவிடுவார்கள். வெளி ஆள் முன்னால் முடியவில்லை என்று சொல்வது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு போவார்.

சட்டத்தில் 'முடியவில்லை' என்பதற்கு அர்த்தம் அகலமானது. உதவியில்லாமல் செய்ய முடியாது என்பது மட்டுமல்ல. செய்ய முடியும், ஆனால் கடுமையாக வலிக்கிறது; செய்ய முடியும், ஆனால் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆகிறது; செய்ய முடியும், ஆனால் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது - இவை எல்லாமே 'முடியவில்லை' கணக்குதான். அம்மா தானே குளிக்கிறார், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால் அதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். மருமகள் பார்த்துக்கொள்கிறார் என்பதற்காகத் தேவையே இல்லை என்று எழுதக் கூடாது. குடும்பத்தின் உதவி இல்லாவிட்டால் அவருக்கு என்ன தேவைப்படும் என்றுதான் முதலில் மதிப்பிட வேண்டும். மருமகள் எவ்வளவு செய்யத் தயார், செய்ய முடியும் என்பது அடுத்த கட்டம். அவருக்கும் தனியாக ஒரு மதிப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம், 'உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?' என்று கேட்கும் கடமை ஒரு அரசு அலுவலகத்துக்கு இருக்கிறது என்பது, இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆங்கிலம் வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பேரனை வைத்துச் சமாளிப்பதைவிட அது நல்லது. பாட்டிகள் பேரன் முன்னால் டாய்லெட் பிரச்சினையைச் சொல்ல மாட்டார்கள். மறதி நோய் போன்றவற்றால் சொல்ல முடியாதவருக்கு, உடன் பேச உறவினரும் இல்லை என்றால், கவுன்சிலே ஒரு சுயேச்சையான பரிந்துரையாளரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

எவ்வளவு காசு கட்ட வேண்டும்?

தகுதி உண்டு என்று முடிவானதும் வருமானம், சொத்துக் கணக்கு தொடங்கும். பார்ப்பது பராமரிப்பு பெறுபவரின் பணத்தை மட்டும். மகன் ஐ.டி.யில் எவ்வளவு சம்பாதித்தாலும் அது கணக்கில் வராது. இந்தியாவில் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோரைக் கைவிட்ட பிள்ளையிடம் பராமரிப்புத் தொகை வாங்கித் தரத் தீர்ப்பாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சட்டக் கடமை கிடையாது.

சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவையும் அவரே ஏற்க வேண்டும். 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொட மாட்டார்கள். பென்ஷன் போன்ற வருமானத்திலிருந்து மட்டும் பங்கு கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள்.

உதாரணமாக, ஒருவரிடம் 20,000 பவுண்டு இருக்கிறது. 14,250 போக மீதி 5,750. அதை 250-ஆல் வகுத்தால் 23. ஆக, அவரது பென்ஷனோடு வாரம் 23 பவுண்டைக் கூட்டிக் கணக்குப் போடுவார்கள்.

இந்த 23,250, 14,250 வரம்புகள் 2010-க்குப் பிறகு உயரவே இல்லை. விலைவாசி ஏறிய அளவுக்கு வரம்பு ஏறாததால், வருடா வருடம் இன்னும் கொஞ்சம் பேர் 'வசதியானவர்' பட்டியலுக்குள் தள்ளப்படுகிறார்கள். அறிவிப்பே இல்லாமல் நடக்கும் கட்டண உயர்வு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

கணவன் மனைவி ஜாயின்ட் அக்கவுன்ட் என்றால் பொதுவாகப் பாதிப் பாதி என்று பிரித்துப் பார்ப்பார்கள். சொந்தப் பயன்பாட்டுப் பொருட்கள் கணக்கில் வராது. கட்டணத்திலிருந்து தப்பிப்பதற்காகவே வாங்கியவை என்றால் மட்டும் சேர்ப்பார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் காணியும் தஞ்சாவூரில் இருக்கும் வீடும் கணக்கில் வரலாம். வெளிநாட்டுச் சொத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

சரி, வீட்டை வித்துடுவாங்களா?

பராமரிப்பு வீட்டிலேயே நடக்கிறது, அதாவது காலையும் மாலையும் கேரர் வந்து போகிறார் என்றால், குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதில் பயப்பட ஒன்றுமில்லை.

நிரந்தரமாக கேர் ஹோமுக்குப் போனால்தான் வீடு கணக்குக்குள் வரும். அப்போதும் எல்லோருக்கும் அல்ல. அந்த வீட்டில் கணவனோ மனைவியோ தொடர்ந்து குடியிருந்தால் வீட்டைச் சேர்க்க மாட்டார்கள். 60 வயதைத் தாண்டிய உறவினரோ, உடல் இயலாத உறவினரோ ஏற்கெனவே அங்கே குடியிருந்தாலும் அப்படித்தான். அம்மா கேர் ஹோமுக்குப் போகிறார், அப்பா வீட்டில் இருக்கிறார் என்றால் வீட்டுக்கு ஆபத்து இல்லை.

தனியாக இருந்தவர் போனால்? மற்ற சேமிப்பு வரம்புக்குக் கீழே இருக்கும் பட்சத்தில், முதல் 12 வாரங்களுக்கு வீட்டின் மதிப்பைப் பார்க்க மாட்டார்கள். யோசிக்கக் கொடுக்கும் அவகாசம் அது. அதன் பிறகும் உடனே விற்க வேண்டும் என்றில்லை. 'டிஃபர்டு பேமென்ட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கவுன்சில் கட்டணத்தைக் கட்டிவிட்டு, வீட்டின் மீது கடனாக எழுதிக்கொள்ளும். வீடு விற்கும்போது, அல்லது அவர் காலமான பிறகு, வட்டியோடு எடுத்துக்கொள்ளும். அதுவரை வீட்டை வாடகைக்கும் விடலாம்.

முன்கூட்டியே பிள்ளை பெயருக்கு எழுதி வெச்சுட்டா?

வாட்ஸ்ஆப்பில் அதிகம் சுற்றும் ஆலோசனை இதுதான். 'ஏழு வருஷம் முன்னாடி எழுதிட்டா ஒண்ணும் பண்ண முடியாது' என்பார்கள். தப்பு. அந்த ஏழு வருடக் கணக்கு வாரிசுரிமை வரிக்கானது. பராமரிப்புக் கட்டணத்தில் அப்படி ஒரு கால வரம்பே இல்லை.

கவுன்சில் பார்ப்பது நோக்கத்தை. கட்டணத்தைத் தவிர்ப்பதும் ஒரு முக்கியக் காரணமாக இருந்ததா? பராமரிப்பு தேவைப்படும் என்று அப்போதே எதிர்பார்க்க முடிந்ததா? ஆமாம் என்று முடிவு செய்தால், அந்த வீடு இன்னும் அவரிடமே இருப்பதாகக் கருதிக் கட்டணம் போடலாம். சில சமயம் சொத்து வாங்கியவரிடமே பாக்கியைக் கேட்கலாம். பக்கவாதம் வந்த மறு மாதம் மகள் பெயருக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று யூகித்துக்கொள்ளுங்கள். வக்கீலிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

காசே கட்ட வேண்டாதது எது?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி சொந்தக் காலில் நிற்க உதவும் 'ரீஏபிள்மென்ட்' சேவை ஆறு வாரம் வரை இலவசம். கைப்பிடி, டாய்லெட் உயர்த்தி போன்ற சாதனங்களும் 1,000 பவுண்டு வரையிலான சின்ன வீட்டு மாற்றங்களும் இலவசம். மனநலச் சட்டத்தின் சில பிரிவுகளில் ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டவர்களுக்குப் பிந்தைய பராமரிப்புக்கும் கட்டணம் இல்லை. பிரச்சினை முக்கியமாக மருத்துவம் சார்ந்தது என்றால் முழுச் செலவையும் என்.எச்.எஸ். ஏற்கும் 'கன்டினியூயிங் ஹெல்த்கேர்' இருக்கிறது. கிடைப்பது கஷ்டம், ஆனால் கேட்காமல் விடக் கூடாது.

'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' முத்திரை உள்ள விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். கவுன்சிலின் சோஷியல் கேர், குடிவரவு விதிகள் சொல்லும் 'பொது நிதி'ப் பட்டியலில் இல்லை. ஆனால் விசா காலம் முடிந்து தங்கியிருப்பவர்களுக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் முதலில் சட்ட ஆலோசனை பெறுவது நல்லது.

வீட்டுக்கு வருவது கவுன்சில் ஊழியரா?

பெரும்பாலும் இல்லைங்க. ஒரு காலத்தில் கவுன்சிலே முதியோர் இல்லம் நடத்தியது, கவுன்சில் ஆளே வீட்டுக்கு வந்தார். 1990-ல் வந்த சட்டம் 1993-ல் முழுமையாக அமலானதும் நிலைமை மாறியது. இப்போது தேவையைக் கணக்கிடுவது கவுன்சில். வேலை செய்வது அது ஒப்பந்தம் போட்ட தனியார் கம்பெனிகளும் தொண்டு நிறுவனங்களும்.

அதனால் கவுன்சில் மொத்தமாக விலை பேசுகிறது. கம்பெனி, குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டு, விட்ட காசை வேறு இடத்தில் பிடிக்கிறது. 2017-ல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் நடத்திய ஆய்வில், ஒரே கேர் ஹோமில் சொந்தக் காசு கட்டுபவர் கவுன்சில் கட்டுவதைவிட சராசரியாக 41 சதவீதம் அதிகம் கட்டுவது தெரியவந்தது. பக்கத்துப் பக்கத்து அறை, ஒரே சாப்பாடு, விலை மட்டும் வேறு.

கவுன்சில் அனுப்பும் ஆள் வேண்டாம் என்றால் 'டைரக்ட் பேமென்ட்' கேட்கலாம். ஒதுக்கிய பணத்தை உங்களிடமே கொடுப்பார்கள், நீங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். தமிழ் பேசத் தெரிந்த, சாம்பார் வைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடும் குடும்பங்களுக்கு இது நல்ல வழி. ஒரே வீட்டில் குடியிருக்கும் கணவன், மனைவி, நெருங்கிய உறவினருக்குச் சம்பளமாகக் கொடுக்க பொதுவாக அனுமதி இல்லை.

கேர் ஹோம் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 'குடும்பம் கூடுதலா கட்டினாதான் இடம்' என்று சொன்னால், உடனே கையெழுத்துப் போட வேண்டாம். கவுன்சில் ஒதுக்கிய தொகைக்குள், கூடுதல் பணம் இல்லாமல், பொருத்தமான ஓர் இடத்தையாவது காட்ட வேண்டியது கவுன்சிலின் பொறுப்பு.

இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்?

கேர் ஹோம்களையும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகளையும் சோதிப்பது சி.க்யூ.சி. எனப்படும் பராமரிப்புத் தர ஆணையம். மிகச் சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது என்று நான்கு தரம் கொடுக்கும். எந்த இல்லத்தின் அறிக்கையையும் அதன் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அறிக்கை எந்த வருடத்தது என்று தேதியையும் பாருங்கள்.

கவுன்சில்களுக்கே மதிப்பெண் போடும் வேலையையும் 2022-ம் ஆண்டுச் சட்டம் சி.க்யூ.சி.க்குக் கொடுத்தது. 2023-ல் அது தொடங்கியது. அதற்கு முன் பத்து வருடங்களுக்கும் மேல் கவுன்சில்களின் பராமரிப்புத் துறைக்கு அப்படி ஒரு வெளி மதிப்பீடு இல்லாமலே ஓடியது.

2011-ல் நடந்த இரண்டு சம்பவங்கள் இன்றைய விதிகளில் தடம் பதித்திருக்கின்றன. ஒன்று, சதர்ன் கிராஸ் என்ற மாபெரும் கேர் ஹோம் நிறுவனம் வாடகை கட்ட முடியாமல் சரிந்தது. சுமார் 31,000 முதியவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நாட்டையே உலுக்கியது. இப்போது ஒரு கம்பெனி மூடினால், அங்கிருப்பவர்கள் சொந்தக் காசு கட்டுபவர்களாக இருந்தாலும், தற்காலிகமாக அவர்களைப் பார்த்துக்கொள்வது கவுன்சிலின் கடமை.

இரண்டாவது, பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான தனியார் மருத்துவமனை. அங்கே ஊழியர்கள் நோயாளிகளை அடித்து வதைத்ததை பிபிசி ரகசிய கேமராவில் பதிவு செய்து ஒளிபரப்பியது. 11 பேர் குற்றவாளிகள் என முடிவானது, 6 பேர் சிறைக்குப் போனார்கள். ஒரு ஊழியர் முன்பே புகார் சொல்லியும் அதிகாரிகள் அசையவில்லை என்பதுதான் அதில் கொடுமை.

அடிக்கிறார்கள், பணத்தை எடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால்?

பராமரிப்பு தேவைப்படும் ஒருவர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார், அவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்று தெரிந்தால், கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். பராமரிப்புச் சட்டத்தின் 42-வது பிரிவு இது. அவருக்குக் கவுன்சில் காசு கொடுக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. செய்வது கேர் ஹோமாக இருக்கலாம், சொந்த மகனாகவும் இருக்கலாம்.

அம்மாவின் பேங்க் கார்டை வைத்துக்கொண்டு அவர் செலவுக்குக் காசு தராமல் இருப்பதும் கொடுமைக் கணக்கில் வரும். நம்ம குடும்பங்களில் இதை யாரும் கொடுமை என்று சொல்ல மாட்டார்கள். கவுன்சில் இணையதளத்தில் 'அடல்ட் சேஃப்கார்டிங்' என்று தேடினால் எண் கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 999.

மற்ற புகார்களை, உதாரணமாகத் தப்பான கட்டணம், மதிப்பீடு தாமதம் போன்றவற்றை, முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். சி.க்யூ.சி. தனிநபர் புகாரைத் தீர்த்து வைக்காது. கவுன்சில் பதிலில் திருப்தி இல்லை என்றால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். பொதுவாக, பிரச்சினை தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை.

கவுன்சிலிடம்தான் காசு இல்லையாமே?

உண்மைதான். குரோய்டன் 2020-லும் பர்மிங்ஹாம் 2023-லும் வரவு செலவைச் சமாளிக்க முடியவில்லை என்று சட்டப்படி அறிவித்தன. 2016 முதல் கவுன்சில் வரியோடு பராமரிப்புக்கென்றே ஒரு கூடுதல் தொகையும் வசூலிக்க அனுமதி இருக்கிறது. அப்படியும் போதவில்லை. ஆனால், 'பட்ஜெட் இல்லை' என்பது தகுதி உள்ளவருக்கு உதவியை மறுக்க சட்டப்படி காரணம் ஆகாது. எந்த வழியில் உதவுவது என்று முடிவு செய்யும்போது மட்டும் செலவைப் பார்க்கலாம்.

வாழ்நாளில் ஒருவர் பராமரிப்புக்குக் கட்டும் தொகைக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வரும் என்று 2021-ல் போரிஸ் ஜான்சன் அரசு அறிவித்தது. 2023-ல் வர வேண்டியது, 2025-க்குத் தள்ளிப்போனது, 2024 ஜூலையில் புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை ரத்தே செய்துவிட்டார். இப்போது லூயிஸ் கேஸி தலைமையில் ஒரு ஆணையம். அதன் இறுதி அறிக்கைக்கு 2028 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

கேரர் வேலைக்கு இங்கிருந்து போகலாமா?

ஆள் பற்றாக்குறையால் 2022 பிப்ரவரியில் கேரர்களுக்கு விசா கதவு திறந்தது. கேரளா, தமிழ்நாட்டிலிருந்தும் பலர் போனார்கள். 2024 மார்ச் 11 முதல், புதிதாக விண்ணப்பிக்கும் கேரர்கள் மனைவி, பிள்ளைகளை அழைத்து வரத் தடை வந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது. 'கேர் விசா ரெடி, பணம் கட்டுங்க' என்று இனிமேல் எந்த ஏஜென்ட் சொன்னாலும், பணம் கொடுப்பதற்கு முன் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.